வெண்டைக்கு ஐரோப்பா வேண்டாம், பலாவுக்கு வேண்டும்

பண்ருட்டி, அண்ணாகிராமம் பக்கத்தில் முந்நூறு சிறு விவசாயிகள் சேர்ந்து ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஓர் ஏக்கர், மிஞ்சினால் இரண்டு. சிலர் வெண்டையும் கத்தரியும் போடுகிறார்கள். சிலருக்கு முருங்கைத் தோப்பு. சிலருக்கு முந்திரிக் காடும் அதன் நடுநடுவே பலாவும். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சொந்தக்காரர்கள் சிலர் பொன்னி நெல்லோடு உள்ளே வர விரும்புகிறார்கள். சென்னையிலிருந்து ஏற்றுமதி வியாபாரி ஒருவர் வந்து, "பாரிஸிலும் லண்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கு வாராவாரம் காய்கறி வேண்டும். மண்டி விலைக்கு மேல் தருகிறேன். பூச்சிக்கொல்லி எச்சம் மட்டும் வரம்புக்குள் இருக்க வேண்டும்" என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெண்டைக்கும் முருங்கைக்கும் என்றால் வேண்டாம். அதே வியாபாரி பிஞ்சுப் பலாவோ பலாச்சுளை வற்றலோ கேட்டால் உட்கார்ந்து பேசலாம். சந்தையை முதலில் பிடித்துவிட்டு, அதற்கு ஏற்றபடி மருந்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றுதான் பெரும்பாலான கூட்டங்களில் பேச்சு ஓடுகிறது. அந்த வரிசை தலைகீழ். எந்தப் பயிர் அதிக மருந்தில்லாமல் நம் மண்ணில் நிற்கிறது என்று பார்த்து, அதை மட்டும் கண்டிப்பான சந்தைக்கு அனுப்ப வேண்டும். மருந்தில்லாமல் நிற்காத பயிருக்கு உள்ளூர்ச் சந்தை போதும். இதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கால் கிராம் கணக்கு

ஒரு கிலோ விளைபொருளில் இத்தனை மில்லிகிராம் வரை ஒரு மருந்து தங்கியிருக்கலாம் என்று சட்டம் சொல்லும் அளவுதான் எச்ச வரம்பு. மருந்துக்கு மருந்து, பயிருக்குப் பயிர் அது மாறும். உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963-இல் தொடங்கிய கோடெக்ஸ் ஆணையம் பொது அளவுகளை வகுக்கிறது. ஆனால் அவை யாரையும் கட்டுப்படுத்தாது. 1995-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கை, அறிவியல் காரணம் காட்டி அதைவிடக் கடுமையான அளவை வைத்துக்கொள்ள நாடுகளை அனுமதிக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 396/2005 என்ற விதியின்படி, தனியாக அளவு குறிக்காத மருந்துகளுக்கெல்லாம் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறது. ஜப்பானும் 2006 மே மாதத்திலிருந்து அதே 0.01-ஐப் பொது அளவாகக் கொண்டிருக்கிறது. அமெரிக்கா இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்தப் பயிருக்கு அந்த மருந்துக்கென்று அளவு இல்லாவிட்டால், எச்சம் தென்பட்டாலே சரக்கு நிற்கும்.

0.01 மில்லிகிராம் என்றால் எவ்வளவு? ஒரு கன்டெய்னரில் ஏறும் 25 டன் அரிசி முழுவதற்கும் சேர்த்துக் கால் கிராம். நெல்லில் குலை நோய்க்கு அடிக்கும் ட்ரைசைக்ளசோல் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 120 கிராம் தூள் தெளித்தால் அதில் 90 கிராம் மூல மருந்து. அந்த ஏக்கரில் இரண்டு டன் விளைந்தால், ஐரோப்பியக் கணக்குப்படி அந்த இரண்டு டன்னிலும் சேர்த்து 0.02 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வெயிலிலும் மழையிலும் சிதைந்து, உமியோடும் தவிட்டோடும் பெரும்பகுதி போய்விடுவது உண்மைதான். இருந்தாலும் தொண்ணூறு கிராமிலிருந்து 0.02 கிராமுக்கு இறங்கும் பாதை மிக நீளமானது.

இங்கே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த 0.01-க்கு மேல் போனால் விஷம், கீழே இருந்தால் அமுதம் என்று பொருள் இல்லை. பல மருந்துகளுக்கு அது ஆய்வுக்கூடக் கருவி நம்பகமாக அளக்கக்கூடிய அடிமட்டம், அவ்வளவுதான். "இந்த மருந்தை எங்கள் ஊரில் யாரும் பயன்படுத்துவதில்லை, தரவும் யாரும் தரவில்லை, எனவே இருக்கக் கூடாது" என்பதே அதன் உள்ளர்த்தம். இறக்குமதிக்கென்று தனி அளவு கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. அதற்குப் பல இடங்களில் வயல் சோதனை நடத்தி, நச்சியல் தரவோடு கோப்புக் கொடுக்க வேண்டும். காப்புரிமை காலாவதியான ஒரு மருந்துக்காக, முருங்கை போன்ற ஒரு சிறு பயிருக்காக, அந்தச் செலவை எந்த நிறுவனம் ஏற்கும்? அதனால்தான் "எங்கள் காய் ஒன்றும் கெடுதல் இல்லை" என்ற வாதம் துறைமுகத்தில் எடுபடுவதில்லை. அது உண்மையாக இருக்கும்போதும் எடுபடுவதில்லை.

அயல்நாட்டுக்காரன் மட்டும்தான் இப்படிக் கறாராக இருக்கிறான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: நம் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகளிலும் அளவு குறிக்காத மருந்துக்குப் பொதுவாக அதே 0.01 மில்லிகிராம்தான். நெல்லுக்கு ட்ரைசைக்ளசோல் போல நாம் அளவு குறித்துவைத்திருக்கும் இடங்களில்தான் வித்தியாசம் பெரிது. நம் அளவு 3 மில்லிகிராம், ஐரோப்பாவின் அளவு 2017-லிருந்து 0.01. முந்நூறு மடங்கு. முருங்கை, கறிவேப்பிலை போன்ற பயிர்களுக்கோ இந்தியாவிலேயே பதிவு பெற்ற மருந்து அரிது. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதுதான் பரிந்துரை. ஆகவே அந்தக் காய்களில் காணப்படும் பல எச்சங்கள் கோயம்பேட்டிலும் சட்டப்படி தப்புத்தான். அங்கே யாரும் அளந்து பார்ப்பதில்லை, அவ்வளவே.

காய்கறியும் ஐரோப்பாவும்

வெண்டை, முருங்கைக்காய், கறிவேப்பிலை ஆகிய மூன்றும், இந்தியாவிலிருந்து வந்தால் எல்லையில் கூடுதலாகச் சோதிக்க வேண்டிய பொருள்களாக ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/1793 விதிப் பட்டியலில் இடம் பெற்றவை. காரணம் பூச்சிக்கொல்லி எச்சம். பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது திரும்பப் பார்க்கிறார்கள். பிடிபடும் சரக்கு கூடினால் சோதனை விகிதமும் கூடும். இதில் உள்ள அநீதியைக் கவனியுங்கள். குஜராத்திலோ ஆந்திராவிலோ ஒருவர் அனுப்பிய வெண்டை பிடிபட்டால், பண்ருட்டி வெண்டைக்கும் சேர்த்தே விகிதம் ஏறுகிறது. நம் குழு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் சோதனைச் செலவும் தாமதமும் நமக்கும் உண்டு. காய்கறிக்குத் தாமதம் என்றால் வாடல் என்று அர்த்தம்.

சரி, மருந்தையே குறைத்துவிடலாமே என்றால், அங்கேயும் ஒரு கதவு அடைபடுகிறது. 2014 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகியவற்றையும் தடை செய்தது. அதற்குக் காரணம் எச்சம் இல்லை. பழ ஈ போன்ற பூச்சிகள் உயிரோடு போய் இறங்கியதுதான். மாம்பழத் தடை 2015 தொடக்கத்தில் நீங்கியது, காய்கறிக்கு இன்னும் நாள் பிடித்தது. மருந்து அடித்தால் எச்சத்தில் மாட்டுவோம், அடிக்காவிட்டால் புழுவில் மாட்டுவோம். இருதலைக் கொள்ளி எறும்பு என்பது இதுதான்.

வெண்டை ஏன் இவ்வளவு சிக்கலான பயிர்? மற்ற பயிர்களில் கடைசி மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே காத்திருப்புக் காலம் விட முடியும். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். விட்டால் முற்றி நார் கட்டிவிடும். வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்பு நோய்க்கும் காய்ப்புழுவுக்கும் மருந்து அடிக்கும் அதே வாரத்தில் மூன்று பறிப்பு நடக்கும். மருந்துக் குப்பியில் ஏழு நாள் காத்திருக்கச் சொல்லியிருந்தால் அந்த ஏழு நாள் காயை என்ன செய்வது? பறித்து மாட்டுக்குப் போடுகிறேன் என்று கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டலாம். வயலில் யாரும் போட மாட்டார்கள். போடச் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை.

அடுத்தது வரப்புப் பிரச்சினை. நம் நிலங்கள் துண்டு துண்டானவை. நீங்கள் வெண்டைக்கு மருந்து அடிக்காமல் காத்திருக்கும்போது, கிழக்கு வரப்புக்கு அந்தப்பக்கம் பருத்திக்கோ கத்தரிக்கோ விசைத்தெளிப்பானால் அடிப்பார்கள். கடலூர்க் கடற்காற்றுக்கு வரப்புத் தெரியாது. கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் என்ற அளவில் இந்தச் சாரல் கணக்கில் வராது. 0.01 என்ற அளவில் வந்துவிடும். அதாவது இந்த வரம்பைக் காப்பாற்றுவது உங்கள் ஒழுக்கத்தைப் பொறுத்தது மட்டுமில்லை, பக்கத்து நிலத்துக்காரரின் ஒழுக்கத்தையும் பொறுத்தது. அவர் குழுவில் இல்லை, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவும் இல்லை.

திராட்சைக்காரர்கள் சாதித்தார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2010-இல் மகாராஷ்டிரத் திராட்சை ஐரோப்பாவிலிருந்து பெரிய அளவில் திருப்பி அனுப்பப்பட்டது. குளோர்மெக்குவாட் என்ற, வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்தின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு முன்பே அபீடா என்ற மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பு தோட்டம் தோட்டமாகப் பதிவு செய்து, ஒவ்வொரு பெட்டியும் எந்தத் தோட்டத்திலிருந்து வந்தது என்று தடம் பிடிக்கும் முறையை வைத்திருந்தது. அடிபட்ட பிறகு அந்த முறையில் சோதிக்கும் மருந்துகளின் பட்டியலை விரித்து, நாசிக் பக்கம் மீண்டும் எழுந்தது. ஆனால் திராட்சைக்கு ஆண்டுக்கு ஒரே அறுவடை, பெரிய தொடர்ச்சியான தோட்டங்கள், ஆய்வறிக்கை வரும்வரை கொடியிலேயே காத்திருக்கும் பழம். நம் வெண்டைக்கு இந்த மூன்றில் ஒன்றும் கிடையாது. அதே பதிவு முறை இப்போது காய்கறிக்கும் உண்டு. பதிவு செய்த வயல், அங்கீகாரம் பெற்ற சிப்பம் கட்டும் கூடம் எல்லாம் வேண்டும். கமிஷன் மண்டியில் பத்துப் பேர் காயை ஒன்றாகக் கொட்டிக் கட்டிய மூட்டைக்கு அங்கே இடமில்லை.

இன்னொரு சங்கடம், வரம்பு ஒரே இடத்தில் நிற்பதில்லை. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிக்கொல்லியை எடுத்துக்கொண்டால், ஐரோப்பா 2020-இல் ஏறக்குறைய எல்லாப் பயிருக்கும் 0.01-க்குக் கொண்டுவந்தது. அமெரிக்கா 2021-இல் அளவுகளை மொத்தமாக நீக்கியது. 2023-இல் ஒரு நீதிமன்றம் அந்த நீக்கத்தையே ரத்து செய்தது. தேனீக்களைக் காப்பதற்காகத் தயோமீத்தாக்சாம், குளோத்தியானிடின் என்ற இரண்டு பூச்சிக்கொல்லிகளின் அளவுகளையும் 2026 மார்ச் முதல் அடிமட்டத்துக்கு இறக்கும் விதியை ஐரோப்பா 2023-லேயே இயற்றிவிட்டது. நம் ஊர் மருந்துக் கடையில் தயோமீத்தாக்சாம் அன்றாடச் சரக்கு. பிரிட்டனோ ஒன்றியத்திலிருந்து விலகியபின் தனிப் பட்டியல் வைத்திருக்கிறது. ஆகவே பாரிஸுக்கு ஒரு கணக்கு, லண்டனுக்கு ஒரு கணக்கு. 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தைக் காட்டி வியாபாரி ஆசை காட்டுவார். ஒப்பந்தம் குறைப்பது வரியை, எச்ச அளவுகள் அங்கே அவர்கள் வைத்ததுதான்.

சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா

இதுதான் நம்மவர்களுக்குப் பழகிய பாதை. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விமானத்தில் முருங்கை, வெண்டை, வாழைப்பூ, கறிவேப்பிலை போகிறது. பறந்து போகும் நேரம் நான்கு மணி. சிங்கப்பூர் தன் உணவில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்யும் நாடு. தனக்கென்று அளவு இல்லாத இடத்தில் கோடெக்ஸ் அளவைப் பார்க்கிறது. அதனால் ஐரோப்பாவைவிட மூச்சுவிட இடம் உண்டு.

இடம் உண்டு என்பதைக் கவனமில்லாமல் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எச்சத்துக்காக இந்தியப் பச்சை மிளகாயை 2014-இல் தடை செய்தது சவூதி அரேபியா. 2024 ஏப்ரலில் சில இந்திய மசாலாப் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாக ஹாங்காங்கும் சிங்கப்பூரும் அறிவித்தன. ஐரோப்பா 2020-இல் எள்ளில் கண்டுபிடித்த அதே பொருள்தான். விருத்தாசலம் பக்கம் எள் போடுபவர்களுக்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. எத்திலீன் ஆக்சைடை எந்த விவசாயியும் வயலில் அடிப்பதில்லை. கிருமி நீக்கத்துக்காகக் கிடங்கிலும் ஆலையிலும் ஏற்றப்படும் புகை அது. மானாவாரி எள்ளுக்கு நீங்கள் ஒரு சொட்டு மருந்தும் அடிக்காமல் இருந்தாலும் சரக்கு திரும்பலாம். எள்ளை யாருக்கு விற்கிறோம் என்பதோடு, எந்தக் கிடங்கு வழியாக விற்கிறோம் என்பதையும் பார்க்க வேண்டும்.

காய்கறியை வெளியே அனுப்பியே தீருவது என்றால், குழு இந்தப் பாதையில் சிறிய அளவில் தொடங்கலாம். கோடையில் வெள்ளை ஈ பெருகும் மாதங்களில் வெண்டையை அனுப்பாமல், பூச்சி குறைந்த காலத்தில் மட்டும் அனுப்பலாம்.

நெல்லின் கதை வேறு

கடலூர் மாவட்டத்தின் டெல்டாக் கடைமடையிலும், அதை ஒட்டிய புதுச்சேரியின் பாகூரிலும் சம்பாப் பட்டத்தில் பிபிடி நெல்லும் வெள்ளைப் பொன்னியும் நிறைய. இரண்டும் குலை நோய்க்கு எளிதில் இரையாகும். மார்கழிப் பனியில் கழுத்துக் குலை வந்தால் கதிர் பதராகிவிடும். அந்தப் பயத்தில் ட்ரைசைக்ளசோல் அடிப்பவரை நான் குறை சொல்ல மாட்டேன். பஞ்சாபில் பாசுமதி ஏற்றுமதியைக் காப்பாற்ற 2023-இல் ஆகஸ்ட் முதல் 60 நாளுக்கு ட்ரைசைக்ளசோல், அசிபேட் உள்பட பத்து மருந்துகளின் விற்பனையையே அரசு நிறுத்தியது. பாசுமதிக்கு ஐரோப்பாவில் கிடைக்கும் விலை அதற்குத் தகும். பொன்னிக்கு ஐரோப்பாவில் அப்படிப்பட்ட விலை இல்லை. வாங்குபவர்கள் புலம்பெயர்ந்த தமிழர்கள்தான்.

நம் மாநிலத்திலும் 2023-இல் மோனோகுரோட்டோபாஸ், புரோபனோபாஸ், அசிபேட், குளோர்பைரிபாஸ் உள்பட ஆறு மருந்துகளுக்கு 60 நாள் தடை வந்தது. அது தற்கொலைகளைத் தடுப்பதற்காக. நோக்கம் உயர்ந்தது. ஆனால் ஏற்றுமதிக் கண்ணோடு பார்த்தால் ஒரு வேடிக்கை: தமிழக அரசாணை பாகூர் எல்லையோடு நின்றுவிடும். கடலூரிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் இன்னொரு அரசு. பஞ்சாப் பாணியில் இங்கே ஏதாவது செய்வதென்றால் சென்னையும் புதுச்சேரியும் ஒரே நாளில் ஆணை போட்டால்தான் பயன்.

அரிசிக்கு எச்சத்தைவிடப் பெரிய ஆபத்து நம் தலைநகரிலிருந்தே வரலாம். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. அடுத்த மாதம் புழுங்கல் அரிசிக்கு 20 சதவீத வரி. தடை விலகியது 2024 செப்டம்பரில். எச்சமே இல்லாத அரிசியை வைத்துக்கொண்டும் ஓராண்டுக்கு மேல் கையைக் கட்டி நின்றிருக்க வேண்டும். எனவே நெல்லைப் பொறுத்தவரை ஏற்றுமதியை முதன்மை வருமானமாக எழுதாதீர்கள். சிங்கப்பூர், வளைகுடாவுக்கு அரிசி ஆலை வழியாகப் போனால் போகட்டும்.

இயற்கைச் சான்று எல்லாருக்கும் பொருந்துமா?

கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து, "எல்லாவற்றையும் இயற்கை விவசாயமாக மாற்றிவிட்டால் எச்சமே இருக்காதே" என்பார். கைதட்டலும் கிடைக்கும். விவசாயிகளே ஒருவரை ஒருவர் சரிபார்க்கும் பங்கேற்பு உத்தரவாத முறையில் வாங்கிய சான்று உள்நாட்டுக்கு மட்டும்தான் செல்லும். ஏற்றுமதிக்கு அபீடாவின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டத்தின்கீழ்ச் சான்று வேண்டும். கோவையில் உள்ள தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை அதைத் தருகிறது. ஓராண்டுப் பயிருக்கு இரண்டு ஆண்டு, மரப்பயிருக்கு மூன்று ஆண்டு மாற்றுக் காலம். அந்த ஆண்டுகளில் விளைச்சல் குறையும், இயற்கை விலையும் கிடைக்காது. ஐரோப்பாவின் புதிய இயற்கை வேளாண் விதி, ஒரு குழுவில் 2,000 பேருக்கு மேல் இருக்கக் கூடாது, குழு தனிச் சட்ட அமைப்பாக இருக்க வேண்டும் என்கிறது. முந்நூறு பேர் கொண்ட நம் நிறுவனத்துக்கு அது தடையில்லை.

தடை வேறு இடத்தில் இருக்கிறது. இயற்கைச் சான்று நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதற்குச் சாட்சி. எல்லையில் அளப்பது காயில் என்ன இருக்கிறது என்பதை. பக்கத்து வரப்புச் சாரல் இயற்கைத் தோட்டத்தையும் விடாது. இன்னொரு திருட்டு வழியும் உண்டு: வேப்பெண்ணெய்க் கரைசல், மூலிகைப் பூச்சிவிரட்டி என்ற பெயரில் ரசாயனம் கலந்து விற்கும் குப்பிகள். அடித்ததும் பூச்சி பொத்தென்று விழுந்தால், சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். வேம்பு அவ்வளவு வேகமாகக் கொல்லாது.

மானாவாரி எள்ளுக்கும் பலாவுக்கும் இயற்கைச் சான்று தேடுவதில் அர்த்தம் இருக்கிறது. வெண்டைக்குத் தேடுவது பணத்தையும் பொறுமையையும் ஒருசேரக் கரைக்கும்.

பலாவும் முந்திரியும்

கடைசியில் நம் ஊரின் பெயரைச் சொல்லும் மரங்களுக்கு வருகிறேன். பலாவுக்கு மருந்து அடிப்பவர்கள் குறைவு. காய் துளைப்பானும் பழ ஈயும் அழுகல் நோயும் உண்டென்றாலும், வாரம் ஒரு தெளிப்பு என்ற பேச்சே இல்லை. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 ரகமே பண்ருட்டிப் பக்கத்துப் பலாவிலிருந்து தேர்ந்தெடுத்ததுதான். நமக்கு இதில் பரம்பரை அறிவு இருக்கிறது. இறைச்சி உண்பதைக் குறைக்கும் மேல்நாட்டவர்கள் பிஞ்சுப் பலாவைக் கறிக்குப் பதிலாகச் சமைக்கிறார்கள். உப்புநீரில் அடைத்த டப்பாவாகவும் உறையவைத்த துண்டாகவும் வாங்குகிறார்கள். பழமாக அனுப்பினால் எடை, விமானக் கூலி, பயிர்நலச் சான்று, பழ ஈ என்று எல்லாத் தலைவலியும் வரும். பதப்படுத்தி அனுப்பினால் சரக்கு கப்பலில் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆய்வறிக்கை வரும்வரை சரக்கு காத்திருக்கும். வெண்டைக்குக் கிடைக்காத சலுகை இது.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு பலா என்று எழுதிவிட முடியாது. பண்ருட்டியில் பலா தனித்தோப்பாக நிற்பதைவிட முந்திரிக் காட்டுக்குள்ளும் வரப்பிலும் நிற்பதே அதிகம். முந்திரி பூக்கும் தை, மாசி மாதங்களில் தேயிலைக் கொசு என்ற சாறுண்ணிப் பூச்சிக்கு விசைத்தெளிப்பானால் மருந்து அடிக்கிறார்கள். அதே மாதங்களில் பலா பிஞ்சு விட்டிருக்கும். முற்றிய பழத்தின் தடித்த தோல் சுளையைக் காக்கும். பிஞ்சுப் பலாவில் அந்தப் பாதுகாப்பு குறைவு. எனவே குழு முதலில் செய்ய வேண்டியது, எந்தெந்தப் பலா மரங்கள் மருந்தடிக்கும் முந்திரிக்குப் பக்கத்தில் நிற்கின்றன என்று ஒரு வரைபடம் போடுவது. அந்த மரங்களின் பிஞ்சை ஏற்றுமதிக்கு எடுக்காமல் பழுக்க விட்டு உள்ளூரில் விற்கலாம். வெண்டை வயலில் பக்கத்து நிலத்துக்காரரிடம் கெஞ்ச வேண்டும். இங்கே பெரும்பாலும் முந்திரியும் பலாவும் ஒரே ஆளுடையவை, முடிவும் அவர் கையில்.

வற்றல், பொடி என்று போகும்போது ஓர் எச்சரிக்கை. பல கிலோ சுளை வற்றித்தான் ஒரு கிலோ வற்றலாகிறது. தண்ணீர் போகும், எச்சம் தங்கிவிடலாம். பச்சையில் 0.004 என்று நிம்மதி தந்த அளவு, நாலில் ஒரு பங்காக வற்றினால் 0.016 ஆகலாம். ஐரோப்பியச் சட்டம் இந்தச் செறிவைக் கணக்கில் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் எத்தனை மடங்கு வற்றியது என்று காட்டும் பதிவு நம்மிடம் இருக்க வேண்டும். முருங்கையிலைப் பொடிக்கு ஆசைப்படுபவர்களும் இதைப் படிக்கட்டும். இலை நேரடியாக மருந்தை வாங்கும் உறுப்பு, பொடியாகும்போது நிலைமை இன்னும் மோசம்.

முந்திரிப் பருப்பில் ஓடு நல்ல காவல். ஆனால் பண்ருட்டியில் உடைக்கும் கொட்டையில் கணிசமான பகுதி ஆப்பிரிக்காவிலிருந்து இறங்குவது. நம் விவசாயியின் ஒழுக்கத்துக்கு அந்தக் கலப்பில் தனி விலை கிடைக்காது. உள்ளூர்க் கொட்டையைத் தனியாக உடைத்துத் தனியாக விற்கும் ஆலை கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

மரப்பயிரின் ஆபத்தையும் மறைக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. வெண்டை விழுந்தால் அடுத்த மாதம் விதைக்கலாம். ஒட்டுக் கன்று வைத்தாலும் பலா காய்க்க நான்கைந்து ஆண்டாவது ஆகும். ஆகவே பலாவை நம்பி ஆலைக் கடன் வாங்கும்போது, புயல் காப்பீடு இல்லாமல் வாங்கக் கூடாது.

உள்ளூர்ச் சந்தை தோல்வியா?

ஏற்றுமதி செய்தால்தான் குழு வளர்ந்தது என்ற எண்ணம் அதிகாரிகள் முதல் ஆலோசகர்கள் வரை எல்லாரிடமும் இருக்கிறது. எனக்கு அது பிடிபடவில்லை. கடலூர், புதுச்சேரி, நெய்வேலி, சென்னை ஆகிய நான்கும் நான்கு மணி நேரத்துக்குள். வெண்டையும் கத்தரியும் காலையில் பறித்து இரவுக்குள் விற்றுவிடலாம். சில ஆயிரம் ரூபாய் செலவில் மாதம் ஒரு மாதிரியை அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்தில் சோதித்து, அறிக்கையைக் கடை வாசலில் ஒட்டினால் புதுச்சேரி வாடிக்கையாளர் கூடுதலாக ஐந்து ரூபாய் தருவார் என்பது என் நம்பிக்கை. சரக்கு திரும்பி வரும் பயமும் இல்லை.

முடிவாக ஒப்பந்தம். காய்கறிக்கு மறுத்துவிட்டு, பலாவுக்குச் சம்மதித்தால், இந்த விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். எந்த நாட்டின் வரம்பு, எந்தத் தேதி நிலவரப்படி என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். "சர்வதேசத் தரம்" என்ற சொற்றொடர் இருந்தால் அடித்துவிடுங்கள். ஜெர்மனியின் சில பேரங்காடிகள் சட்ட அளவில் மூன்றில் ஒரு பங்கைத்தான் ஏற்கின்றன. வாங்குபவர் அப்படிப்பட்டவரா என்று கேளுங்கள். மாதிரி எடுக்கும்போது மூன்று பங்காகப் பிரித்து, ஒன்றைக் குழு முத்திரையிட்டு உறையவைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே தப்பு என்று வந்தால் மறுசோதனைக்கு அதுதான் ஆதாரம். கடைசியாக, சரக்கு குழுவின் கிடங்கைத் தாண்டும் முன் எடுத்த ஆய்வறிக்கை சுத்தமாக இருந்தால், அதன் பிறகு திரும்பும் கப்பல் கூலியும் அழிக்கும் செலவும் வியாபாரியுடையது என்ற வரி. அந்த ஒரு வரிக்கு அவர் மறுத்தால், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.